பவளப்பாறை பார்க்கக் குரூஸில் போவதா, தீவில் தங்குவதா? சென்னையிலிருந்து கிளம்புவோர் கேட்கும் கேள்விகள்

அந்தமான், லட்சத்தீவு, மாலத்தீவு, மலேசியா, சிங்கப்பூர்க் கப்பல் என்று விளம்பரங்கள் எல்லாமே "பவளப்பாறை பார்க்கலாம்" என்கின்றன. ஆனால் ஒவ்வொன்றிலும் கண்ணுக்குக் கிடைப்பது வேறு. பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தருகிறோம்.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: கப்பலா, தீவா?

பவளம்தான் முக்கியம் என்றால் தீவில் தங்குங்கள். கப்பல் அனுபவம்தான் முக்கியம், வழியில் பவளம் கிடைத்தால் சந்தோஷம் என்றால் குரூஸ் எடுங்கள். இதற்கு முக்கியமான விதிவிலக்குகள் இரண்டு: லட்சத்தீவு நிர்வாகத்தின் கப்பல் சுற்றுலாவும், ஸ்கூபா (காற்று உருளை மாட்டிக்கொண்டு நீருக்கடியில் இறங்குவது) செய்பவர்களுக்காகவே ஓடும் சிறிய படகுகளும். இரண்டைப் பற்றியும் கீழே சொல்லியிருக்கிறோம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரே அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள். மொத்தப் பயணத்தில் உங்கள் முகம் எத்தனை மணி நேரம் தண்ணீருக்குள் இருக்கப் போகிறது? "4 இரவு 5 பகல்" என்பது ஓட்டல் கணக்கு. பவளத்துக்கு அந்தக் கணக்கு உதவாது.

நேரத்தை எப்படிக் கணக்கிடுவது? ஓர் உதாரணம் காட்ட முடியுமா?

சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் தொட்டுத் திரும்பும் கப்பலை எடுத்துக்கொள்வோம். சென்னைக் குடும்பங்கள் அதிகம் எடுக்கும் பாதை இது. புக்கெட்டில் காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை நிற்கும் என்று வையுங்கள். மொத்தம் 9 மணி நேரம்.

பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்காத இடங்களில் சின்னப் படகில் ஏற்றி இறக்குவார்கள். டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று கரை சேர 1 மணி நேரம். வேனில் ஜெட்டிக்குப் போக முக்கால் மணி. ஸ்பீட்போட்டில் பீ பீ தீவுக்கு 1 மணி. திரும்பி வர அதே ஒன்றே முக்கால் மணி. கப்பல் கிளம்புவதற்கு 1 மணி நேரம் முன்பே உள்ளே இருந்தாக வேண்டும். கூட்டினால் ஐந்தரை மணி நேரம் போய்விட்டது. மிச்சம் மூன்றரை மணி.

அந்த மூன்றரை மணியில் சாப்பாடு உண்டு, குரங்குக் கடற்கரை உண்டு, மாயா பே போய்ப் படம் எடுப்பது உண்டு. மாயா பேயில் நீந்த அனுமதி இல்லை. கடைசியில் மாஸ்க் போட்டுத் தண்ணீரில் இறங்க ஒரே ஒரு நிறுத்தம், 40 அல்லது 45 நிமிடம். அங்கேயும் அதே நேரத்தில் பத்துப் படகுகள் நிற்கும். முழுக் குரூஸிலும் பவளத்துக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

இதே விடுமுறையை மலேசியாவின் பெர்ஹெந்தியான் தீவுகளில் 3 இரவு கழித்தால் கணக்கு வேறு. சென்னையிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து கோத்தா பாரு, பிறகு கோலா பெசுட் ஜெட்டியிலிருந்து ஸ்பீட்போட். போய்ச் சேரவே ஒரு நாள் ஓடிவிடும் என்பது உண்மைதான். ஆனால் சேர்ந்தபின் சில கடற்கரைகளில் மணலிலிருந்து நீந்திப் போகும் தூரத்திலேயே பவளம் இருக்கிறது. காலையில் 2 மணி நேரம், மாலையில் 1 மணி நேரம் என்று வைத்தாலே மூன்று நாளில் 9 மணி நேரம் வந்துவிடும். கிட்டத்தட்ட 12 மடங்கு.

பெரிய கப்பல் ஏன் பவளத்துக்குப் பக்கத்தில் போவதில்லை?

போக முடியாது. இத்தகைய கப்பலின் அடிப்பகுதி நீர்மட்டத்துக்குக் கீழே 7, 8 மீட்டர் இறங்கியிருக்கும். ஸ்நார்க்கெலிங்கில், அதாவது மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் போட்டு நீரின் மேல் மிதந்தபடி பார்க்கும் பவளம் 1 முதல் 5 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதன் மேல் நகரும் படகு சிறியதாகத்தான் இருக்க வேண்டும். அதோடு, துறைமுகம் இருக்கும் இடத்தில் தூர்வாரல், சேறு, கப்பல் போக்குவரத்து எல்லாம் இருக்கும். பவளத்துக்கு வெளிச்சமும் தெளிந்த நீரும் வேண்டும். நல்ல துறைமுகமும் நல்ல பவளத்திட்டும் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம்.

சென்னைத் துறைமுகத்திலிருந்தே குரூஸ் கிளம்புகிறதே, அதில் பவளம் பார்க்கலாமா?

2022 ஜூனில் சென்னையிலிருந்து கார்டெலியா கப்பல் ஓடத் தொடங்கியது. நடுக்கடல் வரை போய்த் திரும்புவது, விசாகப்பட்டினம், புதுச்சேரி என்ற பாதைகளில் பவளத்துக்கு இடமே இல்லை. இலங்கை பாதை மட்டும் கவனிக்கத் தக்கது. திருகோணமலையில் கப்பல் நின்றால், நகரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் நிலாவெளி. அங்கிருந்து படகில் சில நிமிடங்களில் புறாத்தீவு. 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். கரையோரத்திலேயே பவளமும், ஆளைக் கண்டால் விலகிப் போகும் சின்னச் சுறாக்களும் உண்டு. மே முதல் செப்டம்பர் வரைதான் அந்தப் பக்கம் கடல் அமைதி. அந்த மாதங்களில் கப்பலின் பயண அட்டவணையில் திருகோணமலை இருந்து, காலை 9 மணிக்குள் கரையிறங்க முடியும் என்றால், குரூஸில் போயும் நல்ல பவளம் பார்த்ததாக ஆகும். டிசம்பரில் அதே இடத்துக்குப் போனால் கலங்கிய நீர்தான் மிஞ்சும்.

சிலர் சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போகும் அரசுப் பயணிகள் கப்பலையும் குரூஸ் என்று நினைத்துவிடுகிறார்கள். அது போக்குவரத்துக் கப்பல். போக 60 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கிளம்பும் தேதி மாறும். விமானத்தில் சுமார் 2 மணி நேரத்தில் போகும் இடம். கடல் பயணத்தின் மேல் ஆசை இருந்து, விடுமுறையும் தாராளமாக இருந்தால் ஒருவழிக்கு எடுங்கள். திரும்பி வர விமான டிக்கெட் போட்டுவிடுங்கள்.

லட்சத்தீவுக் கப்பல் சுற்றுலா எப்படி வேறுபடுகிறது?

"சமுத்ரம்" என்ற பெயரில் லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பு நடத்தும் 5 நாள் பயணம் இது. கொச்சியில் ஏற வேண்டும். இரவெல்லாம் கப்பல் ஓடும், பகலில் ஒவ்வொரு தீவு: கவரத்தி, கல்பேனி, மினிக்காய். இங்கே கப்பல் உங்களைக் கொண்டுபோய் விடுவதே பவளத் தீவில். லட்சத்தீவு முழுவதும் பவளத்தால் வளர்ந்த வளையத் தீவுகள்தான். வளையத்துக்குள் இருக்கும் ஆழமில்லாத நீரில், நீச்சல் தெரியாதவர்கூட லைஃப் ஜாக்கெட்டோடு பவளம் பார்க்கலாம்.

கப்பல் வளையத்துக்கு வெளியே ஆழ்கடலில் நின்றுவிடும். பக்கவாட்டுக் கதவு வழியாக நாட்டுப் படகில் இறங்க வேண்டும். அலை எழும்பும்போது படகு கதவு மட்டத்துக்கு வரும், தாழும்போது ஓர் அடி இரண்டடி கீழே போகும். ஏறும் நொடியைப் பார்த்துக் காலை வைக்க வேண்டும். பணியாளர்கள் இரு கைகளையும் பிடித்து இறக்குவார்கள். என்றாலும் முழங்கால் மாற்று அறுவை செய்தவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள் இதைத் தினம் இரண்டு முறை மூன்று நாள் செய்ய வேண்டும் என்பதை யோசித்து முடிவெடுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு கொச்சியிலிருந்து அகத்திக்கு விமானத்தில் போய் ஒரே தீவில் தங்குவது நல்லது.

இந்தியர்களுக்கும் அனுமதிச் சீட்டு கட்டாயம். உங்கள் பகுதிக் காவல் நிலையத்தின் நன்னடத்தைச் சான்று கேட்பார்கள். சென்னையில் அது கைக்கு வர நாளாகலாம், எனவே ஒரு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். அக்டோபரிலிருந்து மே நடுப்பகுதி வரைதான் காலம். கப்பல் கிளம்பும் நாள் காலையில் எர்ணாகுளம் போய் இறங்கும் ரயிலை நம்ப வேண்டாம். முந்தின நாளே போய்விடுங்கள்.

தமிழ்நாட்டிலேயே பவளம் இருக்கும்போது ஏன் வெளியே போக வேண்டும்?

போக வேண்டியதில்லை என்று பலருக்குச் சொல்லலாம். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. அவற்றில் இரண்டு தீவுகள் இப்போது நீருக்கு அடியில். ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் அங்கே பவளத்தை வெட்டி எடுத்தார்கள். அந்தக் காயம் இன்றும் இருக்கிறது.

எழும்பூரில் மாலை ரயில் ஏறினால் விடியும்போது மண்டபம், பாம்பன் பக்கம் இருப்பீர்கள். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபின் ரயில் மறுபடியும் இராமேசுவரம் வரை போகிறது. பாம்பன் அருகே குந்துகால் ஜெட்டியிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுகிறது. பெரும்பாலான தீவுகளில் பொதுமக்கள் இறங்க அனுமதி இல்லை. தனியார் மீனவர் படகைப் பேசி வேறு தீவுக்குப் போவது சட்டப்படி குற்றம், படகுக்காரருக்கும் ஆபத்து.

ஜனவரி முதல் மார்ச் வரை போங்கள். ஏப்ரலுக்குப் பின் தென்மேற்கிலிருந்து காற்று பிடித்துவிடும். மண் கிளம்பி, கண்ணாடி அடிப் படகில் பால்கலந்த நீர்தான் தெரியும். முதல் நாள் மாலை ஜெட்டியில் மீனவர்களிடம் "தண்ணி தெளிவா இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இணையத்து வானிலையைவிட அந்தப் பதில் நம்பகமானது. அந்தமான் அளவுக்கு வண்ணமும் தெளிவும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் முதல்முறை பார்ப்பவருக்கும், குழந்தைக்கும், செலவைப் பார்க்கிறவருக்கும் இதுதான் சரியான தொடக்கம்.

சென்னைக் கரையில் ஏன் இல்லை என்றும் கேட்கிறார்கள். ஆறுகள் கொட்டும் வண்டல், மழைக்காலத்து நன்னீர், கரையோரம் ஓயாமல் நகரும் மணல், இவை மூன்றும் இருக்கும் இடத்தில் பவளத்திட்டு உருவாகாது. நம் மீனவர்கள் "பார்" என்று சொல்லும் பாறைத் தரைகள் உண்டு, மீன்களும் உண்டு. திட்டு இல்லை.

அந்தமானில் எங்கே தங்கினால் அதிகம் பார்க்கலாம்?

ஹேவ்லாக், அதாவது ஸ்வராஜ் த்வீப். குறைந்தது 2 இரவு, முடிந்தால் 3. போர்ட் பிளேயரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) தங்கி ஹேவ்லாக்கை ஒரே நாளில் பார்த்துவரும் பேக்கேஜ் வேண்டாம். போகவர படகிலேயே நாள் கழியும். எலிபண்ட் பீச்சில் பவளம் கரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காலை முதல் படகில் போங்கள், 10 மணிக்கு மேல் கூட்டமும் கலங்கலும் வரும். நீல் தீவில் பரத்பூர் கடற்கரையில் கண்ணாடி அடிப் படகு உண்டு, வயதானவர்களுக்கு ஏற்றது.

வண்டூரில் இருக்கும் மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் ஜாலி பாய் தீவைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது ஆண்டின் ஒரு பகுதியில் மட்டும் திறந்திருக்கும், மற்றப் பகுதியில் ரெட் ஸ்கின் தீவைத் திறப்பார்கள். பவளம் தேற வேண்டும் என்பதற்காகச் செய்யும் ஏற்பாடு. வனத்துறை அனுமதி முன்கூட்டியே வேண்டும், எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. பிளாஸ்டிக் பாட்டில், பிஸ்கட் கவர் எதையும் உள்ளே விடமாட்டார்கள், எனவே எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள்.

திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவு போர்ட் பிளேயரில் இருங்கள். காற்று பலமானால் தீவுப் படகை நிறுத்திவிடுவார்கள். அதே நாளில் படகும் விமானமும் வைத்துக்கொண்டவர்கள் டிக்கெட்டை இழப்பது அங்கே அடிக்கடி நடப்பது.

எங்களுக்கு மே மாத விடுமுறைதான் கிடைக்கும். எங்கே போவது?

பள்ளி விடுமுறை பவளக் காலத்தோடு மோதுவதுதான் சென்னைக் குடும்பங்களின் பெரிய சிக்கல். மே மாதத்தில் மன்னார் வளைகுடாவில் காற்று. அந்தமானில் முதல் இரண்டு வாரம் பரவாயில்லை, பிறகு பருவமழை. லட்சத்தீவு மூடும் நேரம். மாலத்தீவில் மழைக்காலம் தொடங்கும், ஆனால் நாள் முழுக்கப் பெய்வதில்லை. அந்த மாதத்துக்கு நன்றாகப் பொருந்துபவை திருகோணமலையும் பெர்ஹெந்தியான், ரெடாங் போன்ற மலேசியக் கிழக்குக் கரைத் தீவுகளும்.

டிசம்பர், பொங்கல் விடுமுறையில் இது தலைகீழ். மலேசியக் கிழக்குக் கரைத் தீவுகள் அப்போது மூடிக் கிடக்கும். அந்தமான், மாலத்தீவு, லட்சத்தீவு மூன்றும் நன்றாக இருக்கும். தாய்லாந்தின் சிமிலான் தீவுகள் அக்டோபர் நடுவில் திறந்து மே நடுவில் மூடுகின்றன. தீபாவளி நேரத்தில் ஆஸ்திரேலியாவின் பெருந்தடைப் பவளத்திட்டு மிக நல்ல நிலையில் இருக்கும்.

அமாவாசை, பௌர்ணமி பார்த்துப் போக வேண்டுமா?

ஆமாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் மட்டம் அதிகம் ஏறி இறங்கும். அந்தமானில் அது ஏறக்குறைய 2 மீட்டர் வரை போகும். நீரோட்டம் இழுக்கும், மணல் கிளம்பும். நீர் வற்றிய நேரத்தில் பவளத்தின் மேல் முழங்கால் அளவு தண்ணீர்தான் இருக்கும், வயிறும் காலும் உரசும். அஷ்டமி முதல் தசமி வரை ஏற்ற இறக்கம் குறைவு, நீர் அமைதி. வீட்டில் பெரியவர்கள் அஷ்டமி நவமியில் பயணம் கிளம்பக் கூடாது என்றால், சஷ்டி அன்றே கிளம்பிவிடுங்கள். அஷ்டமியன்று தண்ணீரில் இருப்பீர்கள்.

நாளுக்குள் நேரம் பார்க்கும்போது, நீர் ஏறி முடியும் நேரமும் காலை 9 முதல் பிற்பகல் 2 வரையிலான வெயிலும் சேர்ந்து வந்தால் அதுவே சிறந்தது.

நீச்சல் தெரியாது. குரூஸ்தானே பாதுகாப்பு?

நீச்சல் தெரியாதவருக்கும் தீவில் வழி உண்டு. லைஃப் ஜாக்கெட் போட்டு, மிதவை வளையத்தைப் பிடித்துக்கொண்டால் வழிகாட்டி இழுத்துப் போவார். ஜாக்கெட்டின் தொடை இடுக்கு வார் கட்டாயம் கட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஜாக்கெட் மேலேறி முகவாயை முட்டும், ஆள் பதறிப்போவார். பெரும்பாலான பயம் இதனால்தான் வருகிறது.

பழக வேண்டியது நீச்சலைவிட முதலில் வாயால் மூச்சு விடுவது. வீட்டிலேயே ஒரு வாளித் தண்ணீரில், மாஸ்க்கும் குழாயும் போட்டு முகத்தை மூழ்கவைத்து 5 நிமிடம் மூச்சு விட்டுப் பாருங்கள். ஒரு வாரம் தினம் செய்தால் பயம் பாதி போகும். பிறகு மெரினா நீச்சல் குளத்திலோ வேளச்சேரியிலோ நான்கு நாள். மெரினா கடற்கரை அலையில் பழக வேண்டாம். அங்கே திரும்பும் அலை ஆளை இழுத்துப் போகும்.

துப்பட்டா, புடவை, ஜீன்ஸ் எதுவும் தண்ணீரில் வேண்டாம். முழுக்கை நீச்சல் சட்டையும் லெக்கிங்ஸும் உடலை மூடும், வெயிலையும் தடுக்கும்.

மாஸ்க் சொந்தமாக வாங்க வேண்டுமா?

மாஸ்க்கும் குழாயும் வாங்குங்கள், ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) வாடகைக்குப் போதும். பயணம் கெடுவதற்கு முதல் காரணம் ஒழுகும் மாஸ்க். வாரைத் தலைக்கு மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கையை எடுத்தபின்னும் விழாமல் ஒட்டி நின்றால் அது உங்கள் அளவு. விழுந்தால் வேறு பாருங்கள்.

கடலில் ஒழுகினால் வாரை இறுக்காதீர்கள். அதிகம் இறுக்கினால் சிலிக்கான் ஓரம் மடங்கி இன்னும் ஒழுகும். ஓரத்தை விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் நெற்றியில் ஒரு முடிக் கற்றையோ, தொப்பியின் ஓரமோ சிக்கியிருக்கும். மீசை வைத்திருப்பவர்களுக்கு மூக்குக்குக் கீழே ஒழுகும். மூக்கின் அடியை ஒட்டி ஒரு விரற்கடை அகலத்துக்கு மீசையின் மேல்விளிம்பை மட்டும் ஒதுக்கினால் போதும். உள்ளே வந்த நீரை வெளியேற்ற, மாஸ்க்கின் மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்திக்கொண்டு மூக்கால் ஊதுங்கள். ஆவி படிந்தால் ஒரு துளி குழந்தை ஷாம்பு தேய்த்து, லேசாக அலசிப் போடுங்கள்.

கண்ணாடி போடுபவர்கள் பவர் மாஸ்க் வாங்கிவிடுங்கள். கண்ணாடி இல்லாமல் பவளம் பார்ப்பது வண்ணக் கலங்கலைப் பார்ப்பதுதான்.

ஸ்கூபா செய்பவர்களுக்கான படகு யாருக்கு?

பதினைந்து இருபது பேர் தங்கி, தினம் மூன்று முறை நீரில் இறங்கும் படகு. மாலத்தீவு, சிமிலான், செங்கடல், ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் ஆகிய இடங்களில் ஓடுகிறது. கப்பலில் போய்ப் பவளம் அதிகம் பார்க்க இதைவிட வழி இல்லை. முறை ஒன்றுக்கு 50 நிமிடம் என்றாலும் நான்கு நாளில் 10 மணி நேரம். ஆனால் முதல் ஸ்கூபா சான்றிதழ் மட்டும் இருப்பவரைப் பல பாதைகளில் ஏற்றுவதில்லை. மேல்நிலைச் சான்றிதழும் 30, 50 முறை இறங்கிய பதிவும் கேட்பார்கள். கணவர் ஸ்கூபா, மனைவியும் குழந்தையும் வேடிக்கை என்றால் இதை எடுக்காதீர்கள். அவர்களுக்கு அந்தப் படகில் செய்ய ஒன்றும் இருக்காது. அப்படிப்பட்ட குடும்பத்துக்கு மாலத்தீவில் உள்ளூர் மக்கள் வாழும் தீவில் விடுதி எடுத்து, ஸ்கூபா செய்பவர் மட்டும் காலையில் படகில் போய்வருவது பொருத்தம்.

ஒரு விதி எல்லோருக்கும் பொது. ஒருமுறை ஸ்கூபா செய்தபின் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை செய்திருந்தால் 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும். உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அந்த நேரம் தேவை. பயணக் காப்பீடு எடுக்கும்போது ஸ்கூபாவுக்கும் பொருந்துமா என்று பாலிசியில் படித்துப் பாருங்கள், பலவற்றில் விலக்கு இருக்கும். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காது அறுவை இருந்தவர்கள் மருத்துவரின் எழுத்துச் சான்று இல்லாமல் இறங்கக் கூடாது. சளி பிடித்திருந்தால் அன்று இறங்க வேண்டாம். காதின் உள்ளழுத்தத்தைச் சமன்செய்ய முடியாமல் செவிப்பறை பாதிக்கப்படலாம்.

குரூஸில் சாப்பாடு, அறை எல்லாம் சேர்ந்திருக்கிறது. அதுதானே மலிவு?

விளம்பரத்தில் இருக்கும் தொகையோடு துறைமுகக் கட்டணம், வரி, இரவுக்கு இவ்வளவு என்று தலைக்குப் பிடிக்கும் சேவைக் கட்டணம், வைஃபை, கரைப் பயணம் எல்லாம் சேரும். இவற்றில் கரைப் பயணம்தான் பவளத்துக்கானது, அதற்குத் தனிப் பணம். வெளிநாட்டுப் பேக்கேஜ் என்றால் டி.சி.எஸ். (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளக் கூடியது, ஆனால் முதலில் கையிலிருந்து போகும். மொத்தத்தைத் தண்ணீருக்குள் கிடைக்கும் மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

சிங்கப்பூரில் ஏறி அங்கேயே இறங்கும் கப்பலுக்கு, நீங்கள் அந்நாட்டை விட்டு வெளியேறி மறுபடி நுழைகிறீர்கள். விசா பலமுறை நுழைய அனுமதிப்பதுதானா என்று பாருங்கள்.

வயதான பெற்றோரோடு போகிறோம்.

இங்கே குரூஸுக்கு நியாயமான இடம் உண்டு. அறை மாறாமல், பெட்டி தூக்காமல், மருத்துவரும் லிஃப்ட்டும் இருக்கும் இடத்தில் அவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். பவளம் என்றால் கண்ணாடி அடிப் படகு, அல்லது உட்கார்ந்த இடத்திலிருந்தே பக்கவாட்டு ஜன்னலில் பார்க்கும் செமி சப்மரீன். போர்ட் பிளேயர் அருகே நார்த் பேயிலும், கெய்ர்ன்ஸிலிருந்து போகும் கடல்மேடைகளிலும் இவை உண்டு. படகுக்கு ஜெட்டியிலிருந்து ஏற்றுவார்களா, முழங்கால் தண்ணீரில் நடந்து ஏற வேண்டுமா என்பதை முன்பே கேட்டுவிடுங்கள்.

கடல் குமட்டலுக்கு என்ன செய்வது?

கப்பலில் நடுப்பகுதி, கீழ்த்தளத்து அறை எடுங்கள். முன்புறமும் மேல்தளமும் அதிகம் ஆடும். அவோமின் போன்ற மாத்திரையை ஏறுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்டல் தொடங்கியபின் போட்டால் பயனில்லை. அது தூக்கம் வரவைக்கும். ஸ்கூபா இருக்கும் நாளில் மருத்துவரிடம் கேட்காமல் போட வேண்டாம். வெறும் வயிறும் கூடாது, பூரியும் கூடாது. இரண்டு இட்லி போதும்.

பவளமெல்லாம் வெளுத்துச் செத்துவிட்டதாகச் சொல்கிறார்களே, இனி பார்க்க என்ன இருக்கிறது?

2024 ஏப்ரலில் உலக அளவில் நான்காவது பெரும் வெளிறல் அறிவிக்கப்பட்டது. லட்சத்தீவும் அதில் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. பவளம் ஓர் உயிரி. அதன் திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்கு நிறமும் பெரும்பகுதி உணவும் தருகிறது. நீரின் வெப்பம் அந்த இடத்தின் வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி கூடி, வாரக்கணக்கில் நீடித்தால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடும். வெள்ளையாகத் தெரிவது உயிரோடு இருக்கும், பசியோடு இருக்கும் பவளம். வெப்பம் சீக்கிரம் குறைந்தால் மீளும். இறந்தது வெள்ளையாக நிற்காது. சில வாரங்களில் பழுப்பும் பச்சையுமாகப் பாசி போர்த்திக்கொள்ளும். நீங்கள் பார்க்கும்போது இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள்.

அமெரிக்காவின் நோவா நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகக் கடல் வெப்பத்தை அளந்து, வெளிறல் அபாய வரைபடத்தை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. வெப்பம் எத்தனை வாரம் சேர்ந்தது என்பதை எண்ணாகக் காட்டும். 4ஐத் தொட்டால் வெளிறல் எதிர்பார்க்கலாம், 8ஐத் தாண்டினால் பவளம் பரவலாகச் சாகும். நம் பக்கத்தில் ஏப்ரல், மே ஆபத்தான மாதங்கள். டிக்கெட் போடும் முன் ஒருமுறை பாருங்கள்.

நாங்கள் போவதே பவளத்துக்குக் கேடு இல்லையா?

எப்படிப் போகிறோம் என்பதில் இருக்கிறது. படகுக்காரர் நங்கூரத்தைப் பவளத்தின் மேல் போடுகிறாரா, நிலையான மிதவையில் கயிறு கட்டுகிறாரா என்று கேளுங்கள். நங்கூரம் போடுபவர் என்றால் வேறு படகு எடுங்கள். மூளை வடிவப் பவளம் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் அளவே வளரும். ஒரு கால்மிதி பல வருட வளர்ச்சியை நொறுக்கும். களைத்துப்போனால் நிற்காதீர்கள், மல்லாந்து மிதங்கள். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த சன்ஸ்கிரீனை ஹவாய் 2021 முதல் விற்பனையிலிருந்தே தடை செய்துவிட்டது. முழுக்கைச் சட்டை போட்டால் முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் துத்தநாக ஆக்சைடு களிம்பு போதும். மீன்களுக்கு ரொட்டி போடும் வழிகாட்டியிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பவளம் கீறிவிட்டால்?

சின்னக் கீறல்கூடச் சீழ் பிடிக்கும், உடைந்த துகள் உள்ளே தங்கிவிடுவதால். கரைக்கு வந்ததும் நன்னீரும் சோப்பும் கொண்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி, துகளை எடுத்து, மருந்து போட்டு உலரவிடுங்கள். சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் தண்ணீருக்குள் ரப்பர் காலணி போட்டே இறங்க வேண்டும்.

கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளத் துண்டை ஞாபகத்துக்கு எடுத்து வரலாமா?

கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளம் இருக்கிறது, செத்த துண்டுக்கும் அது பொருந்தும். விமான நிலைய ஸ்கேனரில் பெட்டிக்குள் இருப்பது தெரியும், பறிமுதலோடு வழக்கும் வரலாம். குழந்தைகள் பைக்குள் போட்டுவைப்பது வழக்கம் என்பதால், தீவை விட்டுக் கிளம்பும் முன் அவர்கள் பையை ஒருமுறை கொட்டிப் பார்த்து, எடுத்ததை அதே கரையில் போட்டுவிட்டு வாருங்கள்.